நாலுக்கு நாலு

திருப்பதி
15.10.2024

மதிப்பிற்குரிய விடுதி போர்டு தலைவர் அவர்களுக்கு,

பொருள்: பெண்கள் விடுதி வார்டன் கல்பனா மீது புகார்.

அம்மணி, நேற்று ஆஸ்பத்திரி வராண்டாவில் தாங்கள், "வாய்க்கு வந்ததைப் பேசாதே ஆசிர், புகார் இருந்தால் எழுதிக் கொடு, போர்டில் வைக்கிறேன்" என்று சொன்னீர்கள். இதோ எழுதிக் கொடுத்துவிட்டேன்.

என் மகள் ரூபா, ஏழாம் வகுப்பு, வெதுருகுப்பம் ரோட்டில் உள்ள நம் சபை விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் கண்டது திங்கட்கிழமை. பெற்றவர்களுக்குத் தகவல் வந்தது வெள்ளிக்கிழமை. நடுவில் உங்கள் வார்டன் அவளைப் பட்டம் இல்லாத ஆர்.எம்.பி. டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று தலைக்கு ஊற்றிப் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறாள். அன்று சாயந்திரம் பிள்ளை வாந்தி எடுத்துச் சுருண்ட பிறகுதான் எங்கள் போன் நம்பர் அவளுக்கு ஞாபகம் வந்தது. டெங்கு என்று இங்கே வந்துதான் தெரிந்தது. இப்போது ஐ.சி.யூ.வில் கிடக்கிறாள். கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாக அவள் கால் மட்டும் எனக்குத் தெரிகிறது.

அந்த வார்டனை வேலையை விட்டு நீக்க வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
ஆசிர்,
ரூபாவின் தகப்பன்.

பி.கு.: பிள்ளையை அந்த விடுதியில் சேர்க்கச் சொன்னவர் தாங்கள்தான் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.


சித்தூர்
20.10.2024

அன்புள்ள ஆசிர்,

உன் "அம்மணி"யைப் படித்து முதலில் சிரித்தேன். பின்குறிப்பைப் படித்து அழுதேன். நீ எதிர்பார்த்தது இரண்டாவதைத்தான் என்றால் திருப்திப்பட்டுக்கொள்.

ரூபாவை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிரமிளா போன் செய்தாள். என் தம்பிக்கு இல்லாத மனசு தம்பி பெண்டாட்டிக்காவது இருக்கிறது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

உன் புகாரை நேற்றைய கூட்டத்தில் வைத்தேன். பிள்ளைக்கு அத்தை நான், அதனால் நாற்காலியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொன்னேன். துணைத்தலைவர் இடம் காலியாகக் கிடக்கிறது, வேறு யாரும் உட்கார முன்வரவில்லை. "நீயே இரும்மா, உன் நேர்மை எங்களுக்குத் தெரியாதா" என்றார் அசரியா ஐயா. உடனே எதிரே இருந்தவர்களில் ஒருவர், தலைவரும் தம்பியும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்களாம் என்று ஊரில் பேச்சு என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. இந்த விஷயம் முடிகிறவரை தம்பியோடு போனில் பேச மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அதனால்தான் உன் போனை எடுக்கவில்லை. கடிதம் எழுத மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

கல்பனாவை நீக்க வேண்டும் என்று அசரியா ஐயாதான் தீர்மானம் கொண்டுவந்தார். இரண்டு மணி நேரம் பேசினோம். கல்பனா கதவருகே நின்றுகொண்டு, "என் தப்புதான்மா, ஜூரம் உட்டுச்சு, நல்லாயிட்டான்னு நெனச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அவளும் அதே விடுதியில் வளர்ந்த பிள்ளை. அம்மா அப்பா கிடையாது. விடுதியில் அவளுக்குக் கொடுத்திருக்கும் ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. வேலை போனால் அதுவும் போகும்.

பிறகு ஓட்டெடுத்தோம். நம் போர்டில் கை தூக்குவது இல்லை, எழுந்து நிற்பதுதான் வழக்கம். தீர்மானத்தை ஆதரித்து நாலு பேர் எழுந்தார்கள். எதிர்த்து நாலு பேர். தலைவர் முதலில் ஓட்டுப் போடுவதில்லை. ஓட்டு சமமாக வந்தால் மட்டும் தலைவர் தன் ஓட்டைப் போட்டு முடிக்கலாம் என்று பைலா விதி சொல்கிறது. எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக நின்றவள் நான், ஒரு முடிவுக்கு இப்படித் தயங்கியது இல்லை.

அசரியா ஐயா ஒரு வழி சொன்னார். வேதத்தில் அப்போஸ்தலர்கள் இரண்டு பேரில் மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே தேர்ந்தெடுத்தார்கள், நாமும் ஜெபம் பண்ணிச் சீட்டுப் போடுவோம் என்றார். கூட்டத்தை நவம்பர் இரண்டாம் தேதிக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்தேன். சீட்டுப் போட்டுவிட்டால் என் கையில் பழி இல்லை என்று எனக்குள் ஒரு ஆசை வந்ததை உன்னிடம் மறைக்கவில்லை.

ரூபாவுக்கு இளநீர் கொடுங்கள். என் முத்தத்தையும் கொடு, யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம்.

ஜெமிமா


திருப்பதி
23.10.2024

அக்கா,

சீட்டா? என் பிள்ளை உயிருக்குச் சீட்டா போடப் போகிறீர்கள்? அப்போஸ்தலர்களுக்கு இரண்டு பேருமே நல்லவர்கள், யார் வந்தாலும் நஷ்டம் இல்லை. இது அப்படியா? அந்த யோசனையை அசரியா ஐயாவிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

ரூபாவை நேற்று வீட்டுக்குக் கூட்டிவந்தோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் கொஞ்சம் அதிக நேரம் தூங்கினால்கூட மூச்சு வருகிறதா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்கிறேன். பிரமிளா என்னைப் பைத்தியம் என்கிறாள். அவளும் வைத்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் தலைவர் ஓட்டு என்று ஒன்று எதற்கு இருக்கிறது? எட்டுப் பேருக்குத் தெரியாதபோது ஒருத்தருக்குத் தெரியும் என்றுதானே? அந்த எட்டுப் பேரில் யாருக்காவது டெங்கு தெரியுமா? நீ நர்ஸ். காய்ச்சல் விடுகிற நாள்தான் ஆபத்தான நாள் என்று அந்த வராண்டாவில் எனக்குச் சொன்னதே நீதான். தெரிந்தவள் தெரிந்ததைச் சொல். எழுந்து நில். அவ்வளவுதான் நான் கேட்பது.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எனக்காக எத்தனை பேரிடம் சண்டைக்குப் போயிருக்கிறாய். இப்போது மட்டும் நாற்காலி குறுக்கே வந்துவிட்டதா?

ஆசிர்


சித்தூர்
27.10.2024

ஆசிர்,

இதை எழுதலாமா என்று ஆராதனை முடிந்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமல் இருந்தால் வயிறு வலிக்கும் போலிருக்கிறது.

இன்று கோயில் வாசலில் ஞானசௌந்தரி அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். உனக்கு ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்தவர்தான், இப்போது போர்டில் மூத்த உறுப்பினர். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே குறை. "இன்னா ஜெமிமா, அன்னிக்கு ஜெபம் பண்ணாமயே கூட்டத்த முடிச்சிட்ட? கண்ண தொறந்து பாக்கறேன், எல்லாரும் எழுந்து நிக்கறாங்க. சரி, முடிவு ஜெபம்னு நானும் எழுந்து நின்னுக்கினு இருக்கேன். ஒருத்தரும் கண்ண மூடல. அப்புறம் உக்காந்துட்டாங்க. இதெல்லாம் நல்லாவா இருக்குது?"

புரிகிறதா? அம்மா தூங்கியிருக்கிறார். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த கூட்டம், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கை. விழித்தபோது பக்கத்தில் மூன்று பேர் நிற்பதைப் பார்த்திருக்கிறார். எழுபது வருஷமாக எல்லோரும் எழுந்தால் எழுந்து பழகிய உடம்பு, எழுந்துவிட்டது; உட்கார்ந்ததும் மறுபடி தூங்கியிருக்கிறது. நான் அதை ஓட்டாக எண்ணிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பிரச்சினையை நினைத்து வேண்டிக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன், என் புத்தியை என்ன சொல்ல.

அப்படியானால் அது நாலுக்கு நாலு இல்லை. மூன்றுக்கு நாலு. தீர்மானம் அன்றைக்கே தோற்றுவிட்டது. கல்பனா வேலையில் இருக்கிறாள். என் ஓட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

இது எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். சனிக்கிழமை போன கூட்டத்து மினிட்ஸை முதலில் வாசிப்பார்கள், சரியா என்று கேட்பார்கள். அப்போது நான் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் நீ என்னோடு பேச மாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். சொல், நான் என்ன செய்யட்டும்?

ஜெமிமா


திருப்பதி
30.10.2024

அக்கா,

என்ன செய்யட்டும் என்று என்னிடமா கேட்கிறாய்? தலைவரே கேட்டுவிட்டார், சொல்கிறேன். ஒன்றும் செய்யாதே.

பொய் சொல்லச் சொல்லவில்லை. மினிட்ஸில் இருப்பது என்ன? நாலு பேர் எழுந்து நின்றார்கள். நின்றார்களா இல்லையா? நின்றார்கள். ஒவ்வொருவரும் மனசுக்குள் எதற்கு நின்றார்கள் என்று தோண்டிப் பார்ப்பது தலைவரின் வேலையா? மற்ற ஏழு பேரும் சுத்தமாக யோசித்துத்தான் நின்றார்களா? ஒருத்தர் உன் மேல் கோபத்தில் நின்றிருப்பார். ஒருத்தர் அசரியா ஐயா முகத்துக்காக நின்றிருப்பார். அதையெல்லாம் எண்ணினாயே, இதை மட்டும் ஏன் கழிக்கிறாய்?

நேற்று ரூபா தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிறைய முடி. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே, காய்ச்சலுக்குப் பிறகு அப்படித்தான் கண்ணு, திரும்ப வளரும் என்றேன். பிறகு மொட்டை மாடிக்குப் போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். என் பிள்ளையை நான் கிட்டத்தட்ட இழந்தேன் அக்கா. யாராவது ஒருத்தர் எழுந்து நின்று, இது தப்பு என்று சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரிடம் போய் நான் இதைக் கேட்பேன்?

நீ வாயைத் திறந்தால், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஆசிர்


சித்தூர்
3.11.2024

ஆசிர்,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். பஸ்ஸில் திரும்பத் திரும்பப் படித்தேன். சும்மா இருந்துவிடலாம் என்று விடுதி வாசல்வரை நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மினிட்ஸ் வாசித்தார்கள். "சரிதானே?" என்று செயலாளர் கேட்டார். "இல்லை, எண்ணிக்கை தப்பு" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

நடந்ததைச் சொன்னேன். அம்மாவைச் சங்கடப்படுத்தாமல் சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கித்தான் சொன்னேன். ஆனால் தூக்கத்தை எப்படிச் சொன்னாலும் தூக்கம்தானே. இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஞானசௌந்தரி அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"யாரு தூங்குனது? நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். அந்தப் பொண்ணு வாணாம்னுதான் எழுந்தேன். இப்பவும் அதான் சொல்றேன், எழுதிக்கோங்க" என்று ஊன்றுகோலைத் தரையில் தட்டினார்.

நான் என்ன செய்ய முடியும்? உறுப்பினர் தன் ஓட்டு இதுதான் என்று தன் வாயால் சொன்ன பிறகு, இல்லை, நீங்கள் தூங்கினீர்கள் என்று தலைவர் சாதிக்க முடியுமா? மறுபடியும் நாலுக்கு நாலு. மூன்று நிமிடம் முன்னால் நானே இறக்கிப் போட்ட பாரம் திரும்ப என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அசரியா ஐயா பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்தார். எழுதியே கொண்டுவந்திருக்கிறார், மனுஷன். வேண்டாம் ஐயா, என் ஓட்டை நானே போடுகிறேன் என்றேன்.

ஆசிர், கேள். கல்பனா செய்தது தப்பு. அதைக் கூட்டத்தில் உரக்கச் சொன்னேன். காய்ச்சல் கண்ட அன்றே பெற்றவர்களுக்குச் சொல்லாதது தப்பு. ஆனால் காய்ச்சல் விட்டால் குணம் என்று நினைத்தது, படித்த நர்சுகளே செய்கிற தப்பு. நான் பயிற்சி கொடுத்த பெண்களே செய்திருக்கிறார்கள். நீ எழுதியிருந்தாய், எட்டுப் பேருக்குத் தெரியாதது ஒருத்தருக்குத் தெரியும் என்றுதான் தலைவர் ஓட்டு என்று. நர்சுகள் சங்கத்தில் நாங்கள் வைத்திருந்த வழக்கம் வேறு. ஓட்டு சமம் என்றால், மாற்ற வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் போதிய ஆள் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது தலைவர் இருப்பதை இருக்கும்படி விட வேண்டும். நாளைக்கு மறுபடி பேசிக்கொள்ளலாம். அனுப்பிவிட்டால் மறுபடி பேச ஒன்றும் இருக்காது.

தீர்மானத்துக்கு எதிராக எழுந்து நின்றேன். உன் அக்கா உன் பக்கம் நிற்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கே வீட்டுக்குத் தகவல், சித்தூரில் டாக்டர், இது இனி விதி என்று இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தேன். அதற்கு எட்டுப் பேரும் எழுந்தார்கள். கல்பனா வாசலில் என் காலைத் தொட வந்தாள். தொடாதே, போய் உன் விடுதிப் பிள்ளைகளைப் பார் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் நிம்மதியைப் பார்க்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

இனி போன் செய்யலாம். நீ எடுப்பாயா தெரியவில்லை.

ஜெமிமா


சித்தூர்
17.11.2024

ஆசிர்,

நீ போனை எடுக்கவில்லை. பிரமிளாவும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "அவரு இங்கதான் இருக்காரு அண்ணி" என்று வைத்துவிடுகிறாள். பரவாயில்லை. ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞானசௌந்தரி அம்மா நேற்று வீட்டுக்கு வந்தார். ஆட்டோவில், தனியாக. காபி கொடுத்தேன், பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நான் தூங்கிட்டேன்தாம்மா. நாலு பேரு சிரிச்சாங்க பாரு, ரோஷம் வந்துடுச்சி. வாயில வந்தத சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு என் கையில சோறு துன்னு வளந்தது, அத நான் போவச் சொல்லுவனா?" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஆக, கடைசியில் மூன்றுக்கு நாலுதான். நான் எழுந்து நிற்காமலே முடிந்திருக்க வேண்டிய விஷயம். என் தம்பியை இழக்காமல் முடிந்திருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? கோபம் கோபமாக வருகிறது, அந்த அம்மா மேல்கூட வருகிறது. உனக்கு ஆறுதலாக இருக்குமோ என்று எழுத ஆரம்பித்தேன். முடிக்கும்போது பார்த்தால் எனக்குத்தான் ஆறுதல் வேண்டியிருக்கிறது.

ரூபா பள்ளிக்கூடம் போகிறாளா? அதை மட்டுமாவது எழுது.

ஜெமிமா


திருப்பதி
21.11.2024

அக்கா,

அந்த அம்மா அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு ஓட்டுப் போடும் வேலை இருந்திருக்காது, அது சரி. ஆனால் அதற்கு முன்னாலேயே நீ வாயைத் திறந்துவிட்டாய். என் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திறந்தாய். எனக்கு வலித்தது அதுதான். உன் ஓட்டு இல்லை.

ரூபா இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. டி.சி. வாங்கி இங்கேயே பக்கத்துப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் முடிவு. பிரமிளா கூடாது என்கிறாள். எனக்கு ஷிப்டு, அவளுக்கும் வேலை, பிள்ளை சாயந்திரம் பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும், அங்கேயாவது இப்போது விதி போட்டிருக்கிறார்கள், அண்ணி பார்த்துக்கொள்வார்கள் என்கிறாள். ஒரு வாரமாக இதே பேச்சு. நேற்று ரூபாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. நான் பயந்துபோய், டி.சி. வாங்கியே ஆக வேண்டும் என்று ராஜா மாதிரி உத்தரவு போட்டேன், பிரமிளா கத்தினாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் சாதாரண ஜலதோஷம் என்றார். எங்கள் சண்டைக்கு அவரிடம் மருந்து இல்லை.

இங்கேயும் ஒன்றுக்கு ஒன்று. நாங்களாகத் தீர்த்துக்கொள்ள முடியும் என்று தோன்றவில்லை. யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். என் பக்கத்து ஆளைக் கூப்பிட்டால் பிரமிளா ஒப்புக்கொள்ள மாட்டாள். என் முகத்துக்காக எனக்கு ஓட்டுப் போடாத ஆள் ஒருத்தர்தான் எனக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இருந்தாலும் வந்து முடித்துவிட்டுப் போகட்டும். நீ எந்தப் பக்கம் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிர்


சித்தூர்
23.11.2024

அன்புள்ள ஆசிர்,

நாளை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். அனேகமாக இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்துவிடுவேன். இருந்தாலும் நேரில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது, அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் ஓட்டுப் போட மாட்டேன். உன் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இரண்டு கூட்டம் நடத்தினோம். பைலாவைப் புரட்டினோம், மினிட்ஸைத் திருத்தினோம், எழுந்தோம், உட்கார்ந்தோம். காய்ச்சலில் கிடந்தவள் ரூபா. கல்பனா அவளை எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்று அவளுக்குத்தான் தெரியும். எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. அத்தைக்காரி எனக்கும் தோன்றவில்லை. நீயும் பிரமிளாவும் ஒரு வாரமாகக் கத்துகிறீர்களே, அடுத்த அறையில் இருக்கிறவளிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அவளை நடுவில் உட்காரவைத்துக் கேட்போம். நீங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டவோ கண் காட்டவோ கூடாது. அவள் டி.சி. வேண்டும் என்றால் திங்கட்கிழமை நானே வாங்கி அனுப்புகிறேன். விடுதிக்குத் திரும்பிப் போகிறேன் என்றால் நீ பெட்டியைத் தூக்க வேண்டும்.

அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

அக்கா